சுக்கான்கல்லின் ஒரே சத்தம்

கல்லுக்கும் நத்தைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், குழிக்காடு என்று ஓர் ஊர் இருந்தது. பெயருக்கு ஏற்ற ஊர்தான். சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம், பள்ளத்துக்குள் முப்பது வீடு. அங்கே போய் ஏன் குடியிருந்தார்கள் என்று கேட்டால், தண்ணீர் அங்கேதான் இருந்தது. வேறென்ன காரணம் வேண்டும்?

அந்த ஊரில் யாரும் தரையில் படுக்க மாட்டார்கள். உட்காருவதும் அவசரத்துக்குத்தான். வீட்டுக்கு வீடு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பரண். தூக்கம், சாப்பாடு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் பரண் மேலே. கீழே, தரையில், பட்டப்பகலிலும் ஓர் அகல் எரிந்துகொண்டிருக்கும். எல்லாம் தாழ்மூச்சுக்குப் பயந்துதான்.

தாழ்மூச்சை யாரும் கண்ணால் கண்டதில்லை. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. நிலத்து வெடிப்பிலிருந்து கசிந்து வரும். காற்றசையாத நாளில் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கும். முழங்கால் அளவு, இடுப்பளவு, சில நாள் மார்பளவு. அதற்குள் தலை போனால் தூக்கம் வரும், அவ்வளவுதான். முதலில் எலி சாகும், பிறகு கோழி, பிறகு நாய். தரையில் இருக்கும் அகல் காற்றே இல்லாமல் அணைந்தால் "ஏறு!" என்று யாராவது கத்துவார்கள். ஊரே ஏணிக்கு ஓடும். ஏணிக்கு ஓடி வராதவர்களின் பெயரை அப்புறம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்த ஊரில் செம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயரும் சொல்லாத பெயர்களில் ஒன்று. மிச்சமிருந்தது ஒரே மகள், மருதி. மருதியை வேம்பனுக்குக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளையையும் வீட்டோடு வைத்துக்கொண்டாள். மருதி முழுகாமல் இருந்தபோது, ஏழாம் மாதத்தில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பு போய்விட்டது. அதன்பிறகு அவளால் ஒரு படிகூட ஏற முடியவில்லை. அகல் அணையும்போதெல்லாம் நாலு பேர் கட்டிலோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

மருத்துவச்சி காத்தாயி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"கட்டில்ல ஆகாது செம்பாயி. இடுப்பு அடிபட்டவ. தரையில உக்காந்து, காலை ஊணி முக்கினாத்தான் புள்ள இறங்கும்."

"தரையிலயா அக்கா?"

"தரையிலதான். ஒரு பகலோ ரெண்டு பகலோ ஆகும். அதுவரைக்கும் நானும் தரையில குந்தணும்." காத்தாயி மருதிக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள். "மூச்சு வராதுன்னு நீ எனக்கு உறுதி சொல்லு. வந்து உக்கார்றேன். இல்லேன்னா வேற ஆளைப் பாரு."

வேறு ஆள் ஏது? செம்பாயிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மகளின் வயிறு வளர வளர அவளுக்குப் பயம் வளர்ந்தது. பிள்ளை பிறக்கும் நாளை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டியவள், அந்த நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அழுவதைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தை ஒன்று பார்த்தது. அப்போதெல்லாம் நத்தைக்கு ஓடு கிடையாது, வெறும் உடம்பு.

"எங்க சாதி முழுக்கத் தரையில ஊர்ந்தே செத்துப்போச்சு, செம்பாயி. நான் சுவத்துல ஏறினதால பொழைச்சேன்" என்றது நத்தை. "எங்க ஆளுங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. தாழ்மூச்சுக்கு முன்னாடி ஒரு வீடு இருந்துச்சாம். ஒரு கல்லுதான் அந்த வீடு. மலைக்குள்ள நெருப்பு பிடிச்சப்போ கல்லையும் மூச்சையும் அந்த நெருப்பு பிரிச்சிருச்சாம். மூச்சு வீடில்லாம அலையுது. கல்லு காஞ்சுபோய்க் கிடக்குது."

"எந்தக் கல்லு?"

"மேட்டுல இருக்குதே, தாகக்கல்லு. அதேதான்."

வடக்கு மேட்டில், ஒரு பாறை இடுக்கில், மழை படாத இடத்தில், கன்றுக்குட்டி அளவில் வெளுத்துக் கிடந்தது தாகக்கல். அதைச் சுற்றி ஒரு புல் முளைக்காது. ஒருமுறை ஒரு கன்று அதை நக்கப் போய், நாக்கு வெந்து, மூன்று நாள் கத்திச் செத்தது. மேய்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.

மறுநாள் காலையில் செம்பாயி மேட்டுக்குப் போனாள். இடுக்குக்குப் பத்தடி தள்ளி நிற்கும்போதே குரல் வந்தது. உமியை மென்றுகொண்டு பேசுகிற மாதிரி வறண்ட குரல்.

"கிட்ட வராதே. உன் கையில வேர்வை இருக்கு. ஒரு சொட்டு பட்டாலும் உன் தோலும் வேகும், என் தோலும் வெடிக்கும்."

செம்பாயி நின்ற இடத்திலேயே விஷயத்தைச் சொன்னாள். மகள், இடுப்பு, தரை, தாழ்மூச்சு எல்லாவற்றையும்.

"நத்தை சொன்னது நெசம்தான்" என்றது கல். "அந்த மூச்சு என்னோடதுதான். அது போனதிலிருந்து எனக்கு அடங்காத தாகம். ஆனா தண்ணி பட்டாக் கொதிச்சு, வெடிச்சு, பிளந்துபோவேன். அந்தப் பயத்துலதான் இந்த இடுக்குல ஒளிஞ்சுகிட்டிருக்கேன். என்னைப் பள்ளத்துக்குக் கொண்டுபோ. ஊரோட அடிமட்டத்துல வச்சுத் தண்ணியை ஊத்து. கொதிச்சு அடங்கினதும் மூச்சு தானா வந்து எனக்குள்ள புகுந்துக்கும். நான் குளுந்து, பழையபடி கெட்டியாகிக் கிடப்பேன்."

"அப்புறம் அது வெளிய வராதே?"

"ரெண்டு சங்கதிகிட்ட மட்டும் நான் தோத்துருவேன், தாயி. ஒண்ணு பெருநெருப்பு. அதுக்கு நாளாகும், நீங்க பார்த்துக்கலாம். இன்னொண்ணு புளிப்பு. புளிச்ச எதுவும் என்மேல படக் கூடாது. பட்ட அந்தக் கணமே என் பிடி விட்டுப்போகும். அதை நான் வேணும்னு செய்ய மாட்டேன். ஆனா செஞ்சிருவேன்."

"படாம பார்த்துக்கறேன்" என்றாள் செம்பாயி.

வேம்பன் பனைமட்டையில் ஒரு சறுக்குக்கட்டை செய்தான். காய்ந்த வைக்கோலைச் சுற்றி, கையில் சாம்பல் பூசிக்கொண்டு, கல்லை அதில் புரட்டினான். பாதி வழியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு நெற்றி வியர்வை கல்லின்மேல் விழுந்துவிடுமோ என்று பயம். செம்பாயிக்கு மழை விழுந்துவிடுமோ என்று பயம். இருவரும் ஓட்டமாய் இழுத்தார்கள். ஊர் நடுவே, கிணற்றுக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த இடத்தில் ஒரு குழி வெட்டிக் கல்லை இறக்கினார்கள். ஊர் பரண்களில் ஏறி நின்று பார்த்தது.

செம்பாயி முதல் குடத்தைக் கவிழ்த்தாள். கல் உறிஞ்சிக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது குடம் ஊற்றும்போது உள்ளே எங்கோ விண்டது. பிறகு குழி முழுக்கக் கொதித்தது. நெருப்பே இல்லாமல் ஆவி எழும்பியது. கல் பிளந்து, வீங்கி, பாலாய்ப் பொங்கியது. தெறித்த ஒரு துளி செம்பாயியின் புறங்கையில் பட்டுத் தோலைத் தின்றது. கல் அலறும் என்று எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அது ஒரு சத்தமும் போடவில்லை.

மாலைக்குள் அடங்கிவிட்டது. வெள்ளைக் களிமேல் மெல்லிய ஏடு படர்ந்தது. அன்றும் காற்று இல்லை. ஆனால் எந்த வீட்டு அகலும் அணையவில்லை. மறுநாளும் இல்லை. நாளுக்கு நாள் ஏடு தடித்து ஓடாகி, ஓடு கல்லாகி, கையால் தட்டினால் ணங்கென்று கேட்டது. தொட்டால் குளிர்ச்சி. தாகம் தீர்ந்த அதைச் சுக்கான்கல் என்று ஊர் கூப்பிடத் தொடங்கியது. நத்தை கெஞ்சிக் கேட்டு விளிம்பில் கொஞ்சம் வாங்கித் தன் முதுகுக்கு வீடு கட்டிக்கொண்டது. ஊர் மெல்ல மெல்லப் பரணிலிருந்து இறங்கியது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார்கள். தரையில் படுத்துப் பார்த்தார்கள். அடடா, முதுகுக்கு எவ்வளவு சுகம்!

காத்தாயி வந்து கேட்டாள். "இனிமே பயமில்லையா செம்பாயி? எந்த வழியிலும் வராதா?"

இந்த இடத்தில்தான் செம்பாயி தப்புச் செய்தாள். புளிப்பு விஷயத்தைச் சொன்னால் காத்தாயி தரையில் உட்கார மாட்டாள் என்று நினைத்தாள். ஊருக்குத் தெரிந்தால் காத்தாயிக்கும் தெரியும். பிரசவம் முடியட்டும், அப்புறம் எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"எந்த வழியிலும் வராது அக்கா" என்றாள்.

ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் "நாளைக்குச் சொல்லிடணும்" என்று நினைப்பாள். ஒவ்வொரு நாளும் கல்லைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு, ஆடு மாடு அண்டாமல் காவல் இருப்பாள். அந்தக் காவலைப் பார்த்து ஊர்க்காரர்கள், "கல்லுமேல செம்பாயிக்கு என்ன பாசம் பாரேன்" என்று கேலி செய்தார்கள்.

இருபத்தெட்டாம் நாள் மருதிக்கு வலி எடுத்தது.

செம்பாயி காவலை மறந்து வீட்டுக்குள் ஓடினாள். காத்தாயி தரையில் சாக்கை விரித்து, மருதியைத் தூணில் சாய்த்து உட்கார வைத்தாள். பழக்கத்தை விட முடியாமல் ஓர் அகலையும் ஏற்றித் தரையில் வைத்தாள். அன்று முழுக்க வலி, மறுநாள் காலையிலும் வலி. மருதி பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். வேம்பன் வெந்நீருக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான்.

வெயில் ஏறும் நேரத்தில் தலை தெரிந்தது. "இன்னும் ஒரு முக்கு, ஒண்ணே ஒண்ணு" என்றாள் காத்தாயி. அப்போது வெளியே குலவைச் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து போடும் குலவை.

செம்பாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நம்ம வீட்டுக்காக ஊரே குலவை போடுகிறது என்று பூரித்துப்போனாள். அடுத்த நொடி, பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லையே, யாருக்குக் குலவை என்று தோன்றியது. நேற்றுப் பௌர்ணமி.

குழிக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்து குடியேறுகிறவர் ஒரு பௌர்ணமியைத் தாண்டிவிட்டால், மறுநாள் ஏழு வீட்டுக் கூழை ஒரே பானையில் ஊற்றி அவருக்குக் கொடுப்பார்கள். மூன்று நாள் புளிக்கவிட்ட கூழ்; அதில் காடி என்கிற புளித்த கஞ்சித்தண்ணீரும் கலந்திருக்கும். புளிக்காத கூழைக் கொடுத்தால் அவமானம். அதைக் குடித்தபின் அவர் ஊர்க்காரர். கல்லுக்குக் குடிக்கிற வாய் இல்லாததால், ஊர்ப்பெரியவர் அம்மாசி அதன் தலையில் ஊற்றலாம் என்று முடிவு செய்திருந்தார். ஊரைக் காப்பாற்றிய கல்லுக்கு ஊர் செய்யும் மரியாதை அது. முள்ளைத் தள்ளிவிட்டு, பானையைத் தூக்கி, மனசார ஊற்றினார்.

"ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டு செம்பாயி வாசலுக்குப் பாய்ந்தாள். அதற்குள் பானை காலி. ஊர்க்காரர்கள் கல்லைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, மிச்சக் கூழைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். கல் சும்மா இருந்தது. ஒரு முனகல் இல்லை. அதன்மேல் கூழ் வழிந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. அம்மாசி அவளைப் பார்த்துச் சிரித்து, "வா செம்பாயி, ஒனக்கும் ஒரு வாய்" என்றார். அவர் பக்கத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தரையில் வைத்தது. பிறகு எடுக்கவில்லை.

"ஏறு! எல்லாரும் ஏறு!"

கத்திக்கொண்டே வீட்டுக்குள் திரும்பினாள். பெண் குழந்தை பிறந்துவிட்டிருந்தது. காத்தாயி அந்த ஊர் மருத்துவச்சிகளின் பழக்கப்படி, கொடியை அறுத்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். தரையில் அகலின் சுடர் ஒரு நூலளவு ஆனது, நீலமானது, போனது.

காத்தாயிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். செம்பாயி மூச்சைப் பிடித்துக் குனிந்து மகளின் அக்குளில் கைகொடுத்தாள்.

"அம்மா, புள்ள?" என்றாள் மருதி.

செம்பாயி வாயைத் திறக்க முடியாமல், மேலே என்று கண்ணால் காட்டினாள்.

"அப்ப சரி" என்றாள் மருதி. கண் சொருகியது.

வேம்பன் ஓடிவந்து காலைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து மூன்றாவது படி வரை ஏற்றினார்கள். ரத்தத்தில் கை வழுக்கியது. செம்பாயி மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள். மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். நாலாவது தடவை இறங்கியபோது அவள் இழுத்தது மகளின் உடம்பை மட்டும்தான்.

உச்சிவெயில் நேரத்தில் மேட்டிலிருந்து காற்று இறங்கி மூச்சைக் கலைத்தது. கல்லைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் மூன்று பேர் எழவில்லை. அம்மாசி கையில் கூழோடு சாய்ந்து கிடந்தார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். செம்பாயி அழவில்லை. பரணிலிருந்து இறங்கி வந்த காத்தாயியின் முன்னால் போய் நின்று, கல் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

காத்தாயி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அடிப்பாள் என்று செம்பாயி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை.

"சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்டி" என்றாள் காத்தாயி. "கல்லுக்குக் காவலா ரெண்டு பேரை நிறுத்திட்டு வந்து உக்காந்திருப்பேன்."

செம்பாயி வெறும் காலோடு கல்லிடம் நடந்தாள். கடப்பாரை ஒன்றை எடுத்துப் போனாள். உடைத்துத் தூளாக்கிவிடத்தான் போனாள். கூழ் வழிந்த இடத்தில் கல் சொரசொரவென்று அரித்துக் குழிந்திருந்தது.

"ஏன் சத்தம் போடல?" என்று கேட்டாள். "புளிப்பு பட்ட கணமே விட்டுருவேன்னு சொன்னே. விட்டுட்டே. அது ஒன் குணம், ஒன்னைக் கேக்கல. நான் மறைச்சேன், அது என் பாவம். ஆனா விடும்போது ஒரு சத்தம் போட்டிருந்தா அவங்க எந்திரிச்சு ஓடியிருப்பாங்களே. என் மகளை நாங்க மேல தூக்கியிருப்போமே. தண்ணி ஊத்தி வெடிச்சப்பவும் வாயைத் திறக்கல, இன்னைக்கும் திறக்கல. ஒனக்கு வாய் எதுக்கு?"

கல்லின் அந்த வறண்ட குரல் உடைந்து வந்தது.

"எனக்கு வலிச்சாச் சொல்லத் தெரியாது தாயி. இத்தனை காலமும் தனியாக் கிடந்தவன். யாருக்குச் சொல்லணும்?"

கடப்பாரை செம்பாயியின் கையிலிருந்து நழுவியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கல்லின்மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள்.

"என் நடுப்பகுதி இன்னும் காஞ்சுதான் இருக்கு" என்றது கல். "ஒரு மாசத்துல மேல்தோல் மட்டுந்தான் நெறைஞ்சுது. என்னை உடைச்சு மறுபடி தண்ணி ஊத்து. வெளிய போன மூச்சை நான் இழுத்துக்கறேன். ஒன் பேத்தி தரையில தவழணும். ஆனா புளிப்புகிட்ட நான் என்னைக்கும் தோக்கத்தான் போறேன். அதை மாத்த என்னால முடியாது. ஒண்ணு செய்யறேன். எனக்கு இருக்கிற பேச்சு எல்லாத்தையும் அந்த ஒரு கணத்துக்குன்னு ஒதுக்கி வச்சுக்கறேன். இனிமே நல்லது கெட்டது எதுவும் பேச மாட்டேன். பிடி விடுற நேரத்துல மட்டும் சத்தம் போடுவேன்."

அதுதான் கல் பேசிய கடைசிப் பேச்சு. வேம்பன் கடப்பாரையால் அதைப் பிளந்தான். செம்பாயி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மறுபடியும் கொதித்தது, மறுபடியும் பொங்கியது, மறுபடியும் ஏடு படர்ந்தது. இந்தத் தடவை ஊர் முழுக்க முறை போட்டுக் காவல் இருந்தது. புளித்த பானைகளையெல்லாம் மேட்டுக்கு ஏற்றினார்கள்.

கல் முழுசாக இறுகிய பிறகு ஒருநாள், எல்லோரும் மேட்டில் நின்றுகொண்டிருக்க, செம்பாயி தன்னந்தனியாக அதன் அருகே போனாள். விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டுக் காடியைத் தொட்டுக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், அந்த இடம் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று சீறியது. மேட்டில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது. காத்தாயியின் இடுப்பிலிருந்த குழந்தை திடுக்கிட்டு அழுதது. காத்தாயி அதைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தன்னையறியாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். செம்பாயி அதைப் பார்த்தாள். கல்லைத் தடவிக் கொடுத்துவிட்டு மேட்டுக்கு ஏறிப் போனாள்.

அன்று முதல்தான் கல் பேசுவதில்லை; அன்று முதல்தான் புளிப்பு ஒரு சொட்டு பட்டாலும் சுக்கான்கல் நுரைத்துச் சீறுகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு தாயி என்று.